மன்னரின் கன்னம்

ஒஸ்வால்ட் அண்ணன் காலில் சப்பாத்துக் கட்டி முடிப்பதற்குள் மூன்று செப்புச் சதங்களை மேசையில் வரிசையாக வைத்தேன்.

அவர் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். செபம் செய்ய அல்ல. நாளைக் காலைப் பூசையில் அவருக்கும் வெள்ளவத்தை நேசமலருக்கும் முதல் ஓலை வாசிக்க இருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சுவாமியார் ஒருமுறை சபையில் அறிவித்துவிட்டால், பிறகு அது நின்றுபோனால் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதைக்கும். ஆகவே இன்றைக்கே நிறுத்தப் போகிறார்.

காரணம் அவருடைய விரலில் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன், பெண் வீட்டில் மோதிரம் மாற்றிய அன்று, அது மஞ்சளாக மின்னியது. இப்போது ஈயம்போல வெளிறிக் கிடந்தது.

"பாத்தியா புரொபெசர்? பெரிய ஸ்டேஷன் மாஸ்டராம். பென்சனாம். மருமகனுக்குப் பூச்சு மோதிரம்!"

அவர் என்னைப் புரொபெசர் என்று அழைப்பது மரியாதையினால் அல்ல. பகலில் நான் அவருக்குக் கீழே கந்தோரில் கணக்கு எழுதுகிறேன். பின்னேரம் இரசாயன வகுப்புக்குப் போகிறேன். இருவரும் மயிலம்மா வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். போன மாதம் இந்த வீட்டுக் கிணற்றில் நஞ்சு இருப்பதாக நான் அறிவித்தேன். இரண்டு நாள் ஒருவரும் குளிக்கவில்லை. மூன்றாம் நாள், அது மயிலம்மா துணிக்குப் போட்ட நீலம் என்று தெரிந்தது.

அதனால்தான் இந்த முறை ஒன்றுக்கு மூன்று சதம்.

முதலாவதில் தேசிக்காய்ச் சாறு தடவிக் கிரீமைப் பூசினேன். இரண்டாவதில் சாறும் தேங்காயெண்ணெயும். மூன்றாவதைத் துடைத்து அப்படியே வைத்தேன்.

"மூண்டாவது சதம் என்னடா பாவம் செய்தது?"

"அது ஒப்பிட்டுப் பார்க்க, அண்ணன்."

அப்போதுதான் அவர் கிரீம் டப்பாவைக் கண்டார். மூடியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று அவளுக்குக் கீழே எழுதியிருந்தது.

"என்ர பெட்டியைத் திறந்தனியோ?"

"ஓம்."

செபப்புத்தகத்துக்கு அடியில் இருந்தது என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

பதினொரு நாளாக அவர் பல் தீட்டும்போது இரத்தம் துப்புகிறார். பேனா பிடிக்கும்போது கை நடுங்குகிறது. முதலில் 'பற்பொடி' என்று என் கொப்பியில் எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு 'காதல்' என்று எழுதினேன். நேற்று வகுப்பில் மாஸ்டர் பாதரசத்தைப் பற்றிப் படிப்பித்த பிறகு அதையும் வெட்டினேன்.

முதல் சதத்தைக் கைலேஞ்சித் துணியால் தேய்க்கத் தொடங்கினேன். நான் பிழை என்றால் ஒரு கலியாணம் போய்விடும்.

கிரீம், தன் டப்பாவில் சொன்னதைச் செய்தது.

முதலில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் கன்னம் வெளுத்தது. பிறகு மூக்கு. பிறகு தாடி. கிரீடம்வரை வெள்ளிபோல் பளபளத்தார். மற்ற இரண்டு சதங்களிலும் மன்னர் நம்மைப்போலவே இருந்தார்.

"பாதரசம்," என்றேன். "பொன்னிலும் இப்படித்தான் ஒட்டும். தோலுக்குள்ளாலே உள்ளுக்கும் இறங்கும்."

அது கெடுப்பது சிறுநீரகத்தையா ஈரலையா என்று எனக்குச் சந்தேகம். இரண்டையும் சொன்னேன்.

அவர் சதத்தைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். தினமும் கிரீம் தொடும் விரல்களைப் பார்த்தார். கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப இது பொன்தானோ?"

"பொன்தான், அண்ணன்."

சிலுவை அடையாளம் போட்டார். நல்ல மனிதர் ஒருவரை எப்படியெல்லாம் பேசிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். டப்பாவை எடுத்து யன்னலால் எறிந்தார். அது கிணற்றில் விழவில்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை, தம்பி. ஆம்பிளை முகத்துக்குக் கிரீம் பூசுறானெண்டு தெரிஞ்சா நேசமலர் சிரிச்சே செத்துப்போவாள்."

சத்தியம் செய்தேன்.

செய்து முடிக்கவில்லை, வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது.

நேசமலரின் தகப்பனார் குடையோடு உள்ளே வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. முகம் சிவந்து, வேர்த்து ஒழுகியது.

"சுவாமியாரிட்டப் போக முந்தி, உம்மட்ட ஒண்டு கேக்க வந்தனான், தம்பி," என்றார்.

சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். ஒரு மாதத்துக்கு முன் அண்ணன் அவருடைய மகளின் விரலில் போட்ட மோதிரத்தை, சதங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அது அண்ணனுடையதைவிட வெள்ளையாக இருந்தது.