ஹெட்ஃபோனில் கேட்டது

நோர்வேக்கு வந்த பிறகு சுகந்தினி எழுதி நடித்த நாடகத்தில், யுத்தத்தில் காணாமற்போன தன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சி ஒன்று உண்டு. இருபது மேடைகளில் கூப்பிட்டிருந்தாள். அந்த நாடகத்தை இப்போது அவளே படமாக இயக்கினாள். பனி மூடிய வயலின் நடுவே நின்று, "நிமலன்" என்று கூப்பிட்டாள். ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஒலிப்பதிவாளன் லார்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"யாரோ பதில் சொல்கிறார்கள்," என்றான், அவனுடைய மொழியில்.

வயலில் படக்குழுவைத் தவிர ஒருவரும் இல்லை. அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. என்ன பதில் என்று விசாரித்தாள். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத லார்ஸ், காதில் விழுந்ததை அப்படியே சொல்லப் பார்த்தான்.

"வாறன்... அக்கா."

வெளிச்சம் போகிறது, எடுத்தவரை போதும் என்றார் ஒளிப்பதிவாளர். சுகந்தினி கேட்கவில்லை. நின்ற இடத்துக்கே திரும்பிப் போனாள். இந்த முறை வசனத்தில் இல்லாததைக் கேட்டாள்.

"எங்கயடா நிக்கிறாய்?"

கேட்டுவிட்டு லார்ஸின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு நீண்ட கம்பின் முனையிலிருந்த மைக்கை மெல்லத் தாழ்த்தி, அவளுடைய காலடிப் பனியை நோக்கிப் பிடித்தான்.