பழசுக்குப் புதுசு

ஒரு பிள்ளை இந்த நாட்டில் மூச்சுவிட நாற்பது லட்சம் ரூபாய். ஜனத்தொகை கூடினால் தலைக்கு விழும் வருமானம் குறையும், அரசாங்கத்துக்கு ஆகாது.

பாத்திரக்கடை தவசிக்கனி மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து பதிவு அலுவலகத்தில் பேரத்தைத் தொடங்கினார். "முதல் பிள்ளைம்மா, பார்த்துப் போடுங்க."

"வீட்டுல பழசு ஒண்ணு கொடுத்தா புதுசு இலவசம், அண்ணாச்சி," என்றாள் கவுண்டர் பெண்.

ஓட்டை அண்டாவை வாங்கிக்கொண்டு புதுக்குடம் விற்றே பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது: "தாராளமா எடுத்துக்கோங்க!"

அவள் பொத்தானை அழுத்தினாள். "வீட்டுல மூத்தவர் நீங்கதானே?"

காவலர் இருவர் குழந்தையைத் தவசிக்கனி கையிலிருந்து வாங்கி, அலறிய மனைவியிடம் கொடுத்தார்கள்.

சுவர்த்திரையில் நாட்டின் கணக்கு மாறியது: வரவு ஒன்று, கழிவு ஒன்று, ஜனத்தொகை அதே.