லேப்டாப்புக்குப் பின்னால்

பக்கத்து நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நேர்காணல் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் மேலே கோட்டும் கீழே அரைக்கால் டிராயருமாக உட்கார்ந்திருந்தான். கேமராவில் சிக்காமல் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று, அவ்வப்போது ஓரமாகத் திரையை எட்டிப் பார்த்த அப்பாவுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"உங்க ஊர்லயே பெரிய பல்கலைக்கழகம் இருக்கே, அங்க ஏன் சேரலை?" என்று கேட்டாள் திரையில் இருந்த சிவப்புக் கண்ணாடி அம்மாள்.

மகன் அப்பாவைப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார்.

"அங்க சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல மேடம். தரம்னா உங்க பல்கலைக்கழகம்தான்."

அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதே இடமும் கொடுத்துவிட்டாள்.

"தப்பிச்சேடா! இங்க சேர்ந்திருந்தா நீ உருப்பட்டிருப்பியா?" என்று மகன் முதுகில் தட்டிவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்பினார்.

வேலை, அதே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில்தான். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அதிகாரி.

மதியம் அவருடைய கம்ப்யூட்டரில் பக்கத்து நாட்டுப் பெண் ஒருத்தி வந்தாள்.

"ஏம்மா, இங்க சேரணும்னு ஏன் தோணுச்சு?"

"உங்க தரம் எங்க ஊர்ல வராது சார்."

அதிகாரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஏன், அங்கயும் பெரிய பல்கலைக்கழகம் இருக்கே?"

"எங்கம்மாவே அங்கதான் சார் ஆள் சேர்க்கறாங்க. அவங்களே வேண்டாம்னுட்டாங்க."

பெண்ணின் வாயைப் பொத்த ஒரு கை பதறிக்கொண்டு வந்தது. கூடவே திரைக்குள் எட்டிப் பார்த்தது, காலையில் பார்த்த அதே சிவப்புக் கண்ணாடி.

"பதறாதீங்க மேடம்," என்றார் அதிகாரி. "காலையில என் பையனை நீங்க காப்பாத்துனீங்க. உங்க பொண்ணை நான் காப்பாத்தறேன்."