எட்டாத தாழ்ப்பாள்

“நல்லா எக்கிப் பாரு, வாலு. எட்டுதா?”

விளையாட்டுத் திடலின் புதுக் கதவில் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்தார் வெல்டர். மகள் நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். விரல்கள் ஈரப் பெயின்டில்தான் பதிந்தன.

“எட்டலப்பா. நீ ரொம்ப மோசம்.”

“உனக்கே எட்டலேன்னா எந்தப் பிள்ளையும் ரோட்டுக்கு ஓட முடியாது.”

பச்சை விரல்களை அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு, அம்மாவோடு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் திடல் கொள்ளாத கூட்டம். அவர் மூலையில் ஒரு பெஞ்சின் இரும்புக் காலை மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் சத்தத்தையும் மீறி, வெளியே ஒரு வண்டியின் பிரேக் அலறியது.

தாய்மார்கள் பதறி எழுந்து தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். எல்லாப் பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள்.

“உங்க கதவுதான் காப்பாத்துச்சு அண்ணே,” என்றாள் ஒருத்தி. அவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அப்போதுதான் வெளியே மனைவியின் குரல் கேட்டது. ஓடினார்.

“உங்களப் பாக்கணும்னு என் கைய உதறிட்டு முன்னாடி ஓடி வந்தா. கதவத் தட்டித் தட்டிப் பாத்தா. உங்க மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்கல. எட்டலம்மான்னு சொல்லிக்கிட்டே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன என்கிட்ட திரும்பி ஓடி வந்தா…”

பிறகு கதவுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டார். அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படவில்லை. விரல் தடம் ஐந்தும் தாழ்ப்பாளுக்கு நாலு விரற்கடை கீழே அப்படியே இருக்கின்றன.