சிவப்புக் கோடு போட்ட போத்தல்

"அந்த மேட்ட மட்டும் கேக்காதம்மா. அது குடுக்க முடியாது."

வேலுசாமி இதைச் சொன்னது மூன்றாவது தடவை. ஷாமிளாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

பின்னே, ஏறாதா? காலையிலிருந்து நடையாய் நடக்கிறாள். கூடாரம் போட்டுத் தங்க வருகிற உல்லாசப் பயணிகளுக்கு இடம் பிடித்து வரச் சொல்லி அவளை அனுப்பியிருந்தது கொழும்புக் கம்பெனி. பக்கத்தில் ஆறும் வேண்டும், காடும் வேண்டும். நல்ல இடமாய் அமைந்தால் அவள்தான் அங்கே மானேஜர்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பெரியப்பா வேலுசாமி இருக்கிறாரே, அவர் காட்டித் தருவார் என்று நம்பி வந்தாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் எஹலியகொட டவுனில். கல்யாணம், சாவு என்றால்தான் இந்தப் பக்கம் வருவாள்.

ஓயா என்று அங்கே சொல்கிற ஆற்றின் கரையில் ஒரு மணல் திட்டு அவளுக்குப் பிடித்தது. "மழ பெஞ்சா ஓயா மொதல்ல ஏறுறது இங்கதான்" என்றார் பெரியப்பா.

சரிவுக்குக் கீழே ஒரு புல்தரை. "மேல மண்ணு வெடிச்சுக் கெடக்கு. எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது."

மிச்சம் இருந்தது காட்டோரத்துப் பாறை மேடு. கீழே ஓயா வளைந்து போவது தெரியும், அதன் சத்தமும் கேட்கும். போனுக்கு நல்ல சிக்னல் வேறு. அதைக் கேட்டால்தான் மனுஷன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார்.

"வேற யாருக்கும் பேசிட்டீங்களா?"

"இல்லம்மா. அது லயத்துல வரிசையா இருக்கிற எல்லா வீட்டுக்கும் பொதுவானது."

பொதுவானதாம். ஷாமிளா மேட்டில் ஏறினாள். ஏறியதும் விஷயம் புரிந்துவிட்டது.

தார்பாய் போட்டு மூடிய விறகுக் கட்டுகள். கரி பிடித்த பெரிய அடுப்புக் கற்கள். பாறை மறைவில் கவிழ்த்து வைத்த இரண்டு கிடாரங்கள், ஒவ்வொன்றும் அண்டா அளவு.

காலையில் பெரியப்பா வீட்டு வாசலில் பார்த்தது ஞாபகம் வந்தது. கம்பத்தில் கட்டிய, வாய் அறுத்த பிளாஸ்டிக் போத்தல். அதில் பெயின்டால் ஒரு சிவப்புக் கோடு. கள்ளச் சாராயம் அளந்து ஊற்றத்தான், வேறு எதற்கு? லயத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. குடிக்கிற காசில் அதையாவது பூசியிருக்கலாம்.

"கசிப்பு காச்சுறீங்களா பெரியப்பா?"

பின்னாலேயே ஏறி வந்த வேலுசாமி நின்றார். "ஒங்கப்பன் உசுரோட இருந்தா இந்தக் கேள்விய என்கிட்ட கேட்டிருக்க மாட்டான்."

"அப்பாவ இழுக்காதீங்க. நான் எதையும் பொறுத்துக்குவேன், பொய்ய மட்டும் பொறுத்துக்க மாட்டேன்."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

நின்ற இடத்திலிருந்தே, தோட்டத்தை நிர்வகிக்கிற தொரைக்குப் போன் போட்டாள். சும்மா கிடக்கிற பாறைக்கு வாடகை வருகிறதென்றால் எந்தத் தொரை வேண்டாம் என்பார்? பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

"தொரை சரின்னுட்டார். பொழுது சாயுறதுக்குள்ள இதெல்லாம் கீழ போயிரணும். வேலி போடப் போறோம்."

சொந்தமாச்சே என்று பொலிசுக்குச் சொல்லாமல் விட்டதே பெரிய உபகாரம் என்று அவளுக்கு நினைப்பு.

வேலுசாமி கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். லயத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். விறகைக் கட்டிக் கட்டி இறக்கினார்கள்.

ஷாமிளா பாறையில் உட்கார்ந்து கம்பெனிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான இடம் எது?

"பெரியப்பா, பெரிய மழ வந்தா இந்தத் தோட்டத்துல பயமில்லாம ஒதுங்குற எடம் எது?"

வேலுசாமி தலையில் இருந்த கிடாரத்தை இறக்கி வைத்தார்.

"நீ ஒக்காந்திருக்கிற எடந்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல்ல போத்தல் கட்டியிருக்கே, அதுல மழத்தண்ணி செவப்புக் கோட்டத் தொட்டுட்டா, பதினோரு குடும்பமும் புள்ள குட்டியத் தூக்கிக்கிட்டு இங்க ஏறிருவோம். லயத்துச் சொவரு வெடிச்சிருக்கிறதப் பாத்தல்ல? மண்ணு நகருது, அங்க படுக்க முடியாது. ரெண்டு மூணு நாளுகூட இங்கயே கஞ்சி காச்சிக் குடிச்சிக்கிட்டுக் கெடப்போம். வெறகும் கிடாரமும் அதுக்குத்தான். இந்த மேடு இருக்கக்கண்டு இதுவரைக்கும் ஒரு உசுரு போகல."

ஷாமிளாவின் முகம் சுண்டிவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"ஏன் குடுக்க முடியாதுன்னு நீ ஒரு தடவ கேட்டியா? கசிப்பான்னுதானே கேட்ட."

போன் அடித்தது. கொழும்பு முதலாளி. இடத்தில் ஏதும் சிக்கல் உண்டா என்று கேட்டார்.

ஷாமிளா பெரியப்பாவைப் பார்த்தாள், கிடாரத்தைப் பார்த்தாள், கீழே லயத்துக் கூரையையும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். நல்ல எடம்."

அவள் போனை வைக்கும்வரை வேலுசாமி காத்திருந்தார். "அப்ப மழ வந்தா நாங்க எங்கம்மா போறது?"

"கம்பெனில பேசி ஏதாவது பண்ணுவோம் பெரியப்பா. மழக்குத்தான் இன்னும் நாள் இருக்கே."

அவர் கிடாரத்தைத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. இந்த முகாமால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பாதிப்பு உண்டா?

பொய்யை மட்டும் பொறுத்துக்கொள்ளாத ஷாமிளா, 'இல்லை' என்று இருந்த கட்டத்தில் சரி போட்டாள்.