கல்லுக்கு அடியில் ஒரு தேர்தல்

வயலோரத்துக் கல்லுக்கு அடியில் நண்டும் நத்தையும் மண்புழுவும் குடியிருந்தன. எதை முடிவு செய்வதானாலும் அங்கே ஒரு காலுக்கு ஒரு ஓட்டு. அதனால் நண்டு வைத்ததுதான் சட்டம். கால் இல்லாத மண்புழு பெருமூச்சு விடுவதோடு சரி.

ஒருநாள் பேய்மழை. மரவட்டை ஒன்று நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றது. “அண்ணே, வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடும். ஓரமா ஒண்டிக்கிறேனே!”

மண்புழுவுக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், வரட்டுமேண்ணே.”

“வெளியூர்க்காரனுக்கு இங்க இடமில்ல. வேணும்னா ஓட்டு எடுத்துக்க!” என்று நண்டு பத்துக் காலையும் தூக்கியது.

“அவ்வளவுதானா?” என்று மரவட்டையும் மல்லாந்து படுத்துத் தன் கால்களைத் தூக்கியது. எண்ணி மாளவில்லை.

நண்டு அவசரமாகக் கால்களை இறக்கியது. “செல்லாது, செல்லாது! இனிமே கால் கணக்கே கிடையாது. தலைக்கு ஒரு ஓட்டு. அதுவும் உள்ளூர்த் தலைக்கு மட்டும்!”

“அப்படின்னா வரட்டும்” என்று நத்தை மெல்லத் தலையை நீட்டியது. மண்புழுவும் நிமிர்ந்தது.

“உனக்கு எது தலை, எது வால்னு யாருக்குடா தெரியும்?” என்று சீறியது நண்டு.

“நிமிர்ந்து நிக்குதே, இதுதான் தலை. உங்களுது எங்கண்ணே?”

நண்டு தடவிப் பார்த்தது. கண்கள்தான் அகப்பட்டன.

மண்புழு வாசல் பக்கம் திரும்பியது. “உள்ள வாப்பா. எல்லாக் காலையும் துடைச்சிட்டு வா!”