அடி லேயரில் பூவாத்தாள்

அச்சகத்து மூலையில் கட்டிய தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே வளர்மதி கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன பூவாத்தாளின் படம் அடி லேயரில் இருந்தது. அதன் மேல் மகன்களின் படங்கள் ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன.

“கொஞ்சம் நகருங்க சாமி, மூஞ்சி மறையுது” என்றது பூவாத்தாள் படம்.

“நாங்க அழுவுறது ஊருக்குத் தெரிய வேண்டாமா ஆத்தா?” என்றது மூத்தவன் படம்.

“கண்ணீர் கொட்டை எழுத்துல இருக்கு. செத்தவளைத்தான் காணோம்” என்று தலைப்பு முனகியது.

வளர்மதிக்கு மனசு கேட்கவில்லை. பூவாத்தாளை மேல் லேயருக்கு இழுக்கப் போனாள்.

“ஏம்மா, மெஷின் காத்துக்கிட்டு நிக்குது. இருக்கிறபடியே அனுப்பிட்டு வா!” என்று முதலாளி கூப்பிட்டார். அப்படியே அனுப்பிவிட்டு எழுந்தாள்.

அடியிலிருந்து பூவாத்தாள் படம் மெல்லச் சொன்னது: “போவுது விடுங்க சாமி. சுவத்துல வெயில் சுள்ளுன்னு அடிக்குமே, மேல நிக்கிற உங்களுக்குத்தான்…”